வெயில் பூமியில் இலையுதிர்காலத் தோட்டம்: தொடக்கம் கஷ்டம், போகப்போகச் சுகம்

ஆகஸ்ட் 9 – ஒரு வாசகர் கேட்டது

"நான் இருப்பது வெயில் கொளுத்தும் இடம். மரங்கள் இலை உதிர்ப்பதே இங்கே சரியாகத் தெரியாது. இதில் இலையுதிர்காலக் காய்கறி என்று ஏன் இவ்வளவு பேச்சு? போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் லெட்டூஸ், கேரட், காலிஃபிளவர் மூன்றையும் போட்டேன். லெட்டூஸ் முளைக்கவே இல்லை. கேரட் முளைத்துக் கருகிவிட்டது. காலிஃபிளவர் எலுமிச்சம்பழ அளவுக்குப் பூ வைத்து அப்படியே நின்றுவிட்டது. வசந்தத்தில் போடுவதுதான் சரி என்று தோன்றுகிறது."

ஆகஸ்ட் 9, இரவு

வசந்தம்தான் சரி என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் ஆறு வருடம் அப்படித்தான் நம்பி வசந்தத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் ஊரில் வசந்தத்தில் என்ன நடக்கிறது? விதை சுகமாக முளைக்கும், நாற்று செழிப்பாக வரும், நமக்கும் ஆசை கூடும். செடி பெரிதாகி விளைச்சல் தரவேண்டிய நேரம் பார்த்து வெயில் ஏறும். லெட்டூஸ் தண்டு ஏறிக் கசந்துபோகும், கொத்தமல்லி பூவுக்குப் போய்விடும், பட்டாணி பூவை உதிர்த்துவிடும். நாள் ஆக ஆகத் தோட்டம் நம் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இலையுதிர்காலத்தில் இது அப்படியே தலைகீழ். தொடக்கம்தான் கஷ்டம். முதல் ஆறு வாரம் விதையோடும் வெயிலோடும் மல்லுக்கட்ட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிட இதமாக இருக்கும். தண்ணீர் குறைவாகப் போதும், களை குறையும், பூச்சியும் மெல்ல அடங்கும். செடி வளர வளர வானிலை அதன் பக்கம் சாய்கிறது. இந்தச் சுகத்தை ஒரு தடவை அனுபவித்த பிறகு வசந்தத்தில் இலைக்காய்கறி போட எனக்கு மனமே வரவில்லை.

உங்கள் மூன்று தோல்விக்கும் மூன்று தனித்தனிக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10

முதலில் லெட்டூஸ். உங்கள் விதையில் பழுது இல்லை. லெட்டூஸ் விதை சூடான மண்ணில் உறங்கப் போய்விடும். மண்ணின் சூடு ஏறக்குறைய 27 டிகிரியைத் தாண்டினாலே பல ரகங்கள் தயங்கும். 30க்கு மேல் பெரும்பாலானவை முளைக்கவே முளைக்காது. அந்தச் சமயத்தில் முளைத்தால் பிழைக்க மாட்டோம் என்று விதைக்கே தெரிந்திருக்கிறது. ஆகஸ்டில் என் பாத்தியில் மாலை நான்கு மணிக்கு இரண்டு அங்குல ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன்: 34. அதில் போட்டால் எங்கே முளைக்கும்?

நான் செய்வது இது. ஈரமான காகிதத் துண்டில் விதையைப் பரப்பி மடித்து, ஒரு டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு நாள் விடுவேன். பிறகு மாலையில் எடுத்து, நிழலில் இருக்கும் தட்டில் விதைப்பேன். லெட்டூஸ் விதைக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் மண்ணைப் போட்டு மூடக்கூடாது.

ஆகஸ்ட் 12

காலிஃபிளவர், முட்டைக்கோஸ், பிராக்கோலி மூன்றையும் இன்று குழித்தட்டில் விதைத்தேன். இவற்றோடு நூக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு நான்கும் நான்கு விதம், ஆனால் தாவரவியலில் எல்லாம் ஒரே இனம். ஒன்றில் இலை மொட்டு பெருத்தது, ஒன்றில் பூங்கொத்து பெருத்தது, ஒன்றில் தண்டு பெருத்தது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்ததால் வந்த வித்தியாசம் அவ்வளவுதான். முளைத்த முதல் வாரத்தில் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் தட்டில் பெயர் எழுதி வையுங்கள்.

இவை 30 டிகிரியிலும் முளைக்கும், நான்கைந்து நாளில் தலை நீட்டும். நாற்றுக்கு ஐந்து வாரம். செப்டம்பர் நடுவில் பாத்திக்குப் போனால் சரியாக இருக்கும். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் நான் சொல்லும் மாதத்தோடு ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தக்காளி பற்றியும் ஒருவர் கேட்டார். அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15

தக்காளி. கோடையில் செடி பச்சைப்பசேலென்று இருக்கும், பூவும் பூக்கும், காய் மட்டும் பிடிக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் வைப்போம், இலை இன்னும் அடர்த்தியாகும், பூ இன்னும் கொட்டும். காரணம் உரமல்ல, இரவு வெப்பம். பகல் 32, 35 என்று ஏறி, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுவிடும். பூக்காம்பு மஞ்சளாகி, கை பட்டாலே கழன்று விழும்.

இன்று நான்கு பழைய செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். நோய் இல்லாத செடிகளைத்தான் அப்படி விடலாம், இலைப்புள்ளி இருந்தவற்றை வேரோடு எடுத்துவிட்டேன். அடித்தூரில் தொழு உரம், மேலே காய்ந்த புல் மூடாக்கு. வெட்டிய பக்கக் கிளைகளில் நல்லதாக ஆறைத் தண்ணீர்க் குவளையில் வைத்திருக்கிறேன், வேர் விட்டதும் நடுவேன். விதை போடுவதைவிட இதில் ஒரு மாதம் மிச்சம்.

ஆகஸ்ட் 21

இன்று காலை தட்டில் பாதி நாற்று சாய்ந்து கிடந்தது. நூலைக் கட்டி இறுக்கியதுபோல் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் மெலிந்து, மேல்பகுதி பச்சையாகவே படுத்திருந்தது. நாற்றழுகல். வெயில் அதிகம் என்று பயந்து சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினேன், இரவெல்லாம் மேல்மண் ஈரமாகவே இருந்திருக்கிறது. சூடும் ஈரமும் காற்றோட்டமில்லாத மூலையும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து.

மறுபடி விதைத்துவிட்டேன். இந்த முறை காலையில் மட்டும் தண்ணீர், அதுவும் தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்ச விடுவது. மேலே மெல்லிய மணல் தூவல். பெரிய குடும்பத்துப் பெண் அக்கறையோடு விளக்கேற்றுவதுபோல் ஒவ்வொரு குழியாகப் பார்த்து விதைத்தேன். பிழைத்த பாதி நாற்றுகளைத் தனியே எடுத்துக் காற்று வரும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 29

லெட்டூஸ் பற்றி நான் 10ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். மண் போட்டு மூடக்கூடாது என்று அழுத்திச் சொன்னேன். அப்படியே திறந்து போட்ட தட்டில் முளைவிட்ட விதைகள் மதியத்துக்குள் காய்ந்துவிட்டன. வெளிச்சமும் வேண்டும், ஈரமும் போகக்கூடாது. சலித்த மண்புழு உரத்தை, விதை பாதி தெரியும் அளவுக்கு மட்டும், விரல் நுனியால் தூவுங்கள். இரண்டாவது தட்டில் அப்படிச் செய்தேன், மூன்றாம் நாள் முளைத்துவிட்டது.

செப்டம்பர் 4

வெண்டைச் செடியைப் பிடுங்குவதா வேண்டாமா? இந்த மாதம் முழுக்க என் மனதில் இருப்பது இந்தக் கேள்விதான்.

இலையுதிர்காலத் தோட்டத்தில் வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம். இடத்துக்குத்தான் திண்டாட வேண்டியிருக்கிறது. நாற்று தயாராகும்போது பாத்தியில் கோடைப்பயிர் இன்னும் உயிரோடு நிற்கும். என் வெண்டை ஆறடி உயரம், உச்சியில் தினமும் ஓரிரண்டு காய். காய்க்கிற செடியைப் பிடுங்கக் கை வருவதில்லை. போன வருடம் "இன்னும் ஒரு வாரம்" என்று மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். அந்த மூன்று வாரமும் காலிஃபிளவர் நாற்றுகள் குழித்தட்டிலேயே கிடந்தன. வேர் குழிக்குள் சுருண்டு சுருண்டு வெள்ளை நூல்கண்டு ஆகிவிட்டது. பிறகு நட்டு, எத்தனை உரம் வைத்தும் பயனில்லை. எல்லாமே பொத்தான் பொத்தானாகப் பூ வைத்தன.

முதல் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் எலுமிச்சம்பழக் காலிஃபிளவருக்கும் இதுதான் காரணமாக இருக்கும். இளமையில் வளர்ச்சி தடைபட்டால் காலிஃபிளவர் பொறுக்காது. வேர் நெருக்கடி, தழைச்சத்துக் குறைவு, தண்ணீர் தட்டுப்பாடு, எதுவானாலும் சரி, "இனி நாள் இல்லை" என்று அவசரப்பட்டுப் பூ வைத்துவிடும். இலை பெரிதாகாமல் வந்த பூ எப்படிப் பெருக்கும்? முட்டைக்கோஸ் இதே கொடுமையைக் கொஞ்சம் தாங்கும். காலிஃபிளவர் தாங்காது.

செப்டம்பர் 6

பிடுங்கிவிட்டேன். மனைவி கடைசி ஏழு காயையும் பறித்துக்கொண்டு, "இனி இழு" என்றாள்.

வேரைப் பார்த்ததும் வருத்தம் போய்விட்டது. வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, மிளகு அளவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு வரை. நூற்புழு, வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும் நுண்ணிய புழு. செடி உச்சியில் ஒன்றிரண்டு காய் காட்டிக்கொண்டிருந்ததே ஒழிய, கீழே எப்போதோ தோற்றுப்போயிருந்தது. வேர்களை உரக்குழியில் போடாமல் அகற்றிவிட்டேன்.

அந்தப் பாத்தியில் கேரட் போடத் திட்டம் வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். சூடான மண்ணில் நூற்புழு சுறுசுறுப்பாக இருக்கும்போது கேரட் போட்டால் வேர் கவட்டையாகப் பிரிந்து கோணிப்போகும். மண் குளிர்ந்தால் புழுவின் வேகம் குறையும், 18 டிகிரிக்குக் கீழே வேருக்குள் நுழைவது வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் அங்கே தாமதமாக விதைக்கும் இலைக்காய்கறிகள்தான். கேரட்டுக்கு வேறு இடம் பார்க்கிறேன். அடுத்த கோடையில் அந்தப் பாத்தியை ஈரப்படுத்தி, கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி ஓரத்தை மண்ணால் மூடி, ஆறு வாரம் வெயிலில் வேகவிடப் போகிறேன்.

செப்டம்பர் 10

பூண்டு. இன்றைக்கு ஃபிரிட்ஜில் வைத்தேன், இதை மறந்தால் பிறகு வருத்தப்பட வேண்டும். பூண்டு பல்லாகப் பிரியக் குளிர் தேவை. வெயில் ஊரில் மண் தரும் குளிர் போதாது. முழுப்பூண்டாக, ஈரமில்லாமல், காகிதப் பையில், ஆறிலிருந்து எட்டு வாரம். வெளியே எடுத்ததும் பல் பிரித்து உடனே நட்டுவிட வேண்டும். குளிரில் வைக்காமல் நட்டு ஒரு வருடம் ஒற்றைப் பூண்டாகவே தோண்டினேன்.

வெங்காயத்துக்குக் குளிரைவிடப் பகலின் நீளம் முக்கியம். குறும்பகல் ரகம் பகல் 10 முதல் 12 மணி நேரம் இருக்கும்போதே கிழங்கு கட்டும். நெடும்பகல் ரகத்துக்கு 14 மணி நேரம் வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் நெடும்பகல் ரகத்தைப் போட்டால் தாள் மட்டுமே வரும். நான் ஒரு தடவை ரகம் தெரியாமல் வாங்கிப் போட்டு, ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றித் தாளை மட்டும் அறுத்தேன். பாக்கெட்டில் ரகம் எழுதியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 17

நட்டாயிற்று. மாலை ஐந்தரைக்குத் தொடங்கி இருட்டும் வரை. 18 காலிஃபிளவர், 12 முட்டைக்கோஸ், 10 பிராக்கோலி. குழியில் முதலில் தண்ணீர் ஊற்றி, அது இறங்கியதும் நாற்றை வைத்து, மண் அணைத்து, மறுபடி தண்ணீர். மேலே 50 சதவீத நிழல்வலை. பத்து நாளில் வலையை எடுத்துவிட வேண்டும். போன வருடம் பாசம் மிகுந்து மூன்று வாரம் வைத்தேன், செடிகள் கழுத்து நீண்டு சோனியாகிவிட்டன.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். ஆகஸ்ட் 21இல் சாய்ந்துபோன தட்டில் பிழைத்த நாற்றுகள் மெலிந்து வளைந்திருந்தன, இவை தேறாது என்றுதான் நினைத்தேன். இடம் இருந்ததால் முதல் இலைவரை ஆழப் புதைத்து நட்டிருக்கிறேன். பார்ப்போம்.

செப்டம்பர் 20

கேரட் விதைத்தேன். உங்கள் கேரட் முளைத்துக் கருகியதற்குக் காரணம் மேல்மண் காய்ந்ததுதான். கேரட் விதை பொடி, அரை அங்குல ஆழத்துக்கு மேல் போக முடியாது. முளைக்க இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு வாரமும் அந்த அரை அங்குல மண் ஒரு மதியம்கூடக் காயக்கூடாது. வெயிலில் இது சுலபமில்லை.

ஈரச் சாக்கை விதைவரிசை மேல் விரித்திருக்கிறேன். காலையும் மாலையும் சாக்கின் மேலேயே பூவாளியால் தண்ணீர். ஆறாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் பச்சை நூல் தெரிந்த அன்றே மாலையில் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் முளைகள் மஞ்சளாகிச் சாக்கின் இழைக்குள் பின்னிக்கொள்ளும், தூக்கும்போது கூடவே வந்துவிடும்.

வரிசையோடு பத்து அங்குலத்துக்கு ஒன்றாக முள்ளங்கி விதையும் போட்டிருக்கிறேன். அது நாலு நாளில் முளைத்து வரிசை எங்கே என்று காட்டும், ஒரு மாதத்தில் பிடுங்கினால் கேரட்டுக்கு இடம் விடும்.

செப்டம்பர் 27

கேரட் ஏழாம் நாளே வந்துவிட்டது! மண் இன்னும் சூடாக இருப்பதன் நன்மை. வசந்தத்தில் குளிர்ந்த மண்ணில் பதினெட்டு நாள் காத்திருந்தது நினைவு இருக்கிறது. நேற்று மாலை ஆறு மணிக்குச் சாக்கின் ஓரத்தைத் தூக்கினேன். தலைமுடி மாதிரி மெல்லிய வளைவுகள், இரண்டு முனையும் மண்ணுக்குள், முதுகு மட்டும் வெளியே. இன்று காலை அதே இடத்தில் வளைவு நிமிர்ந்து, இரண்டு நீள விதையிலை, ஒன்றின் நுனியில் விதைத்தோல் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 23ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமாகிவிட்டன. இனி இரவுதான் நீளம். கோடையில் தோட்டத்தை வாட்டியது வெயிலின் கடுமை மட்டுமில்லை, அது அடிக்கும் நேரமும்தான். ஓய்வு கிடைக்கத் தொடங்கியிருப்பதைச் செடிகளில் பார்க்க முடிகிறது. மதியம் தொய்ந்த முட்டைக்கோஸ் இலை மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறது.

அக்டோபர் 3

"ஆகஸ்டில் இத்தனை பாடுபட வேண்டுமா, அக்டோபரில் சாவகாசமாகத் தொடங்கினால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். முதலில் வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் பாதி சரி.

ஆகஸ்டில் ஃபிரிட்ஜில் வைத்து நிழலில் வைத்து வளர்த்த லெட்டூஸ் நாற்றுகளில் மூன்றில் ஒன்றுதான் தேறியது. செப்டம்பர் 26இல் எந்த வித்தையும் செய்யாமல் நேரடியாகப் பாத்தியில் தூவியது நான்காம் நாள் புல்லாக முளைத்து நிற்கிறது. கொத்தமல்லி, பட்டாணி, முள்ளங்கி, பீட்ரூட் இவற்றுக்கும் அவசரமே வேண்டாம், இரவுச் சூடு இறங்கட்டும். ஆனால் காலிஃபிளவர், முட்டைக்கோஸ், பிராக்கோலிக்கு நாள் அதிகம் வேண்டும், அவற்றின் நாற்றுக்கு மட்டும் ஆகஸ்ட் வெயிலில் உழைத்துத்தான் ஆக வேண்டும். ஆகஸ்ட் 10இல் நான் எழுதிய லெட்டூஸ் வைத்தியம் தவறில்லை, ஆனால் பொறுத்திருக்க முடிந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை.

பீட்ரூட் போடுபவர்கள் கவனிக்க: விதை என்று நாம் போடுவது ஒரு விதைக்கொத்து. ஒன்று போட்டால் இரண்டு மூன்று முளைக்கும். ஒன்றை விட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு திரளாது. கொத்தமல்லியும் ஒரு கனிக்குள் இரண்டு விதை. உருண்டையை இரண்டாக உடைத்துப் போடுவது அதனால்தான்.

அக்டோபர் 11

பூச்சி. இலையுதிர்காலத்தில் பூச்சியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோடை முழுக்கப் பெருகியது எல்லாம் இப்போது இளம் செடியைத் தேடி வருகிறது. அக்டோபர் நடுவரை உஷாராக இருக்க வேண்டும்.

காலிஃபிளவர் இலையில் சன்னல் சன்னலாக ஓட்டை. பின்பக்கம் திருப்பினேன். அரிசி நீளத்துக்கு வெளிர்பச்சைப் புழு. தொட்டதும் உடம்பை முறுக்கிப் பின்னோக்கி ஓடி, இலை விளிம்பிலிருந்து ஒற்றை இழையில் தொங்கியது. நான் அசையாமல் இருந்தேன். ஒரு நிமிடம் கழித்து அதே இழையைப் பிடித்து மேலே ஏறிவந்தது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. முட்டைக்கோஸ் குடும்பம் விளையும் இடமெல்லாம் இதுதான் முதல் எதிரி.

பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் தெளித்தேன். அது மண்ணில் இயற்கையாக இருக்கும் நுண்ணுயிர், புழு தின்றால்தான் வேலை செய்யும். வெயிலில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், அதனால் மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய நனைய. இந்தக் குடும்பத்து இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் கரைசல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் ஒட்டும். ஒரே மருந்தையே விடாமல் அடிக்காதீர்கள். வயலில் இந்த நுண்ணுயிரையே எதிர்த்து நிற்கப் பழகிக்கொண்ட முதல் பூச்சி இதுதான். ஒரு வாரம் இது, ஒரு வாரம் வேப்பெண்ணெய், நடுவில் கையால் பொறுக்குவது.

பேத்திக்கு ஏழு வயது. பொறுக்க வந்தவள் ஒவ்வொரு புழுவையும் எண்ணி 43 என்றாள். பிறகு, "தாத்தா, இதுங்களும் பட்டாணி வரும்வரை காத்திருந்திருக்கலாமே" என்றாள். பட்டாணிதான் அவளுக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 14

பட்டாணி விதைத்தேன். இரவே ஊறவைத்து, வரிசையில் இரண்டு அங்குல இடைவெளி. பந்தல் முதலிலேயே போட்டுவிட வேண்டும், கொடி வந்தபின் குச்சி நட்டால் வேர் குத்துப்படும்.

அக்டோபர் 22

தக்காளிப் பூ நிற்கிறது. ஒரு வாரமாக இரவு 20ஐ ஒட்டி இறங்குகிறது. இன்று எண்ணினேன், வெட்டிவிட்ட நான்கு செடியிலும் சேர்த்து 31 பிஞ்சு. ஜூலையில் இதே செடியில் ஒன்று இல்லை. தண்ணீரில் வேர்விட்ட கிளைகள் இன்னும் பூக்கும் பருவத்தில்தான் இருக்கின்றன.

முள்ளங்கி முதல் பிடி எடுத்தாயிற்று. வசந்தத்து முள்ளங்கி கடித்தால் நாக்கில் சுரீர் என்று ஏறும், நடுவில் சக்கையும் தட்டும். இது மொறுமொறுவென்று, தண்ணீர்ச்சத்தோடு, கடைசியில் மட்டும் லேசாகக் காரம். மண்ணைத் துடைத்துத் தோட்டத்திலேயே நின்று மூன்று தின்றேன்.

நவம்பர் 2

வெளிச்சம் பற்றி முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும், எனக்கு இப்போதுதான் உறைத்தது. கேரட் பாத்தியின் ஒரு ஓரம் மட்டும் பின்தங்கியிருந்தது. உரம், தண்ணீர் என்று எதெதையோ சந்தேகப்பட்டேன். நேற்று ஞாயிறு, காலையிலிருந்து மாலைவரை மணிக்கு ஒருமுறை போய் நிழல் எங்கே விழுகிறது என்று குச்சி நட்டுக் குறித்தேன். ஜூனில் எட்டு மணி நேரம் வெயில் பட்ட அந்த ஓரத்தில் இப்போது நாலரை மணி நேரம்தான். சூரியன் தாழ்ந்து ஒரு பக்கமாகப் போகிறது, மதில் சுவரின் நிழல் நான்கடி நீண்டுவிட்டது.

இலைக்காய்கறிக்கு நாலு மணி நேரம் போதும். கிழங்குக்கும் காய்க்கும் ஆறாவது வேண்டும். கோடையில் பார்த்த வெயிலை வைத்து இலையுதிர்காலப் பாத்தியைத் தீர்மானிக்காதீர்கள்.

பூண்டு இன்று நட்டேன். ஏழரை வாரம் குளிரில் இருந்தது. பல் எல்லாவற்றிலும் அடியில் வேர் முடிச்சு தெரிந்தது.

நவம்பர் 9

பிராக்கோலியில் அசுவினி அப்பிக்கொண்டிருக்கிறது. மருந்து எடுத்து வந்தவன், இலையில் கறுப்பு உடம்பும் ஆரஞ்சுப் புள்ளியுமாக ஏழெட்டு ஊர்வதைப் பார்த்து நிறுத்திவிட்டேன். பொறிவண்டின் இளம்புழு. இதைப் பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டுப் பார்க்கிறேன்.

நவம்பர் 17

விட்டது நல்லதாகப் போயிற்று. அசுவினியின் வெள்ளைச் சட்டைகள் மட்டும் மிச்சம்.

நவம்பர் 23

இன்று காலை காலிஃபிளவர். நடு இலைகளை மெல்ல விலக்கினால் உள்ளே நெல்லிக்காய் அளவு வெள்ளை. பத்து நாளில் கையளவு ஆகும். வெயில் பட்டால் மஞ்சளடித்துச் சுவை குறையும், அதனால் பெரிய இலை ஒன்றின் நடு நரம்பை மடக்கி ஒடித்துப் பூவின்மேல் குடைபோலச் சாய்த்துவிட்டேன். தினமும் பார்க்க வேண்டும். பூ இறுகியிருக்கும்போதே அறுத்துவிட வேண்டும், சோற்றுப் பருக்கைபோல் பிரியத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

செப்டம்பர் 17இல் வளைந்த நாற்றுகள் என்று எழுதினேனே, அவை ஐந்து. அவற்றில் நான்கு வரிசையிலேயே பெரியவை. ஆழப் புதைத்ததால் நன்றாக ஊன்றிக்கொண்டன என்று நினைக்கிறேன். முளையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதை விட்டுவிட்டேன்.

நவம்பர் 30

தக்காளி பழுக்கிறது, நிறத்தைப் பார்க்க வேண்டும். கோடைப்பழம் காம்புப் பக்கம் மஞ்சளாகவே நின்றுவிடும். 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி உருவாவது தடைபடும், மஞ்சள் நிறமி மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். இப்போது பகல் 26. பழம் உள்ளே வெட்டினாலும் அடிவரை ஒரே சிவப்பு. பழுக்க நாளாகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டவருக்கு: செப்டம்பரில் தினமும், இப்போது வாரம் இரண்டு தடவை. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், நுனியில் ஈரம் தட்டினால் அன்று வேண்டாம்.

டிசம்பர் 5

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார். அக்டோபரில் விதைத்த லெட்டூஸைப் பறிக்கத் தொடங்கிவிட்டாராம். முழுச்செடியாகப் பிடுங்கவா, இலையாகப் பறிக்கவா என்று கேட்கிறார். வெளி இலைகளை மட்டும் பறியுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். வசந்தத்தில் இப்படிப் பறித்தால் இரண்டாம் தடவைக்குள் கசந்துவிடும், இப்போது ஆறு வாரம் பறிக்கலாம். காலையில் பறியுங்கள், இலை விறைப்பாக இருக்கும்.

பிராக்கோலித் தலையை அறுத்தவர்களும் செடியைப் பிடுங்க வேண்டாம். தண்டைச் சாய்வாக அறுத்து விடுங்கள், தண்ணீர் தேங்கி அழுகாது. பக்கக் கணுக்களில் சின்னச் சின்னத் தலைகள் வரும், என் செடியில் நேற்று ஆறு எண்ணினேன்.

டிசம்பர் 12

கேரட் முதல் வரிசை தோண்டினேன். நிழல் ஓரத்தில் விரல் பருமன், வெயில் பக்கத்தில் நல்ல திரட்சி. நேராக வந்திருக்கின்றன, கவட்டை இரண்டே இரண்டு. பேத்தி பட்டாணிப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள், நெற்று பருக்க இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்றாலும் நகர மாட்டேன் என்கிறாள். பருக்காத நெற்றைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே ஒன்பது இருக்கிறது, குட்டி குட்டியாக, என்று கத்துகிறாள். இரண்டாம் தவணைக் கேரட்டை நாளைக்குக் கலைக்க வேண்டும்.